காலொடிந்த கப்டன்

நெய்னார் காக்கா இந்த வருஷமும் காலொடிந்த ஒருவனைத்தான் கப்டனாகப் போட்டிருந்தார். போட்டதோடு நில்லாமல் தன் டீமை வட்ஸ்அப் குறூப்பிலும் பெருமையாக அனுப்பிவைத்தார்.

ஹிஷாம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். காயப்பட்டவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் பளிச்சென்று கிடக்கிறது. பாலர் வகுப்புப் பிள்ளைகூட அவனைத் தொடாது. டீமில் மற்றவர்களும் பெரும்பாலும் அதே ரகம்.

"பந்து உதைச்ச மனிசன் செய்யிற வேலையா இது?" என்று மனைவி முஃப்லிஹாவிடம் போனைக் காட்டினான். அவள் கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பியும் பார்க்கவில்லை.

விளையாட்டு போனில்தான். இங்கிலாந்தில் ஆடுகிறவர்களில் பதினொரு பேரைப் பொறுக்கி அவரவர் ஒரு டீம் போட வேண்டும். அங்கே அவர்களில் ஒருவன் கோல் அடித்தால் இங்கே புத்தளத்தில் நமக்குப் புள்ளி, கப்டன் அடித்தால் இரட்டைப் புள்ளி. சீசனின் முதல் கிழமைக்கு, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும், கூட்டாளிகள் ஆறு பேரும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவன் வீட்டில் சஹன் சாப்பாடு. ஆறு பேரும் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் கைவைக்கிற சாப்பாடு.

சட்டம் பிறந்தது மன்னாரில், வாலிப வயதில். அங்கே இந்த ஆறு பேரும் ஒரே டீம். மெச் தோற்றால், யாருடைய பிழையால் தோற்றார்களோ அவன் வீட்டில் சோறு. அல்பிரட்தான் கோல் காப்பவன் என்பதால் அவன் வீட்டு முறைதான் அடிக்கடி வரும். அவனுடைய அம்மா கோழியைத் தூக்கிக்கொண்டு நெய்னாரின் வாப்பாவிடம் வருவா, பிஸ்மி சொல்லி அறுத்துத் தரச் சொல்லி. பிறகு அவ ஆக்கின சோற்றில் ஆறு கை விழும். என்ன ருசி அது! இப்போது நினைத்தாலும் ஹிஷாமுக்கு வாய் ஊறும்.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எல்லாம் போச்சு. ஆளுக்கொரு முகாமாகப் புத்தளத்தில் வந்து விழுந்தார்கள். பிறகு யுத்தம் அல்பிரட்டையும் சிலாபத்தில் கொண்டுவந்து தள்ளியது. சண்டை முடிந்து, தலை நரைத்து, ஒருவரையொருவர் தேடிப் பிடித்தபோது ஓடுவதற்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தப் போன் பந்து.

போன மூன்று வருஷமும் கடைசி நெய்னார் காக்காதான். மூன்று வருஷமும் அவர் மனைவி அலீமா ராத்தா முகம் சுளிக்காமல் ஆக்கிப் போட்டா.

இந்த வருஷம் ராத்தா இல்லை. நோன்புக்கு முன்னமே மௌத்தாகிவிட்டா. பிள்ளைகள் கட்டாரில். மனிசன் கடைப் பாணும் பருப்புமாகக் காலம் தள்ளுகிறார். அவர் எப்படிச் சஹன் போடுவார்?

டீமை மாற்றச் சொல்லி அல்பிரட் போன் பண்ணிப் பார்த்தான். "நல்ல பொடியன், கிடக்கட்டும்" என்று காக்கா போனை வைத்துவிட்டாராம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஹிஷாம் யோசித்தான். காக்காவைக் காப்பாற்ற ஒரே வழி, அவரைவிடக் கேவலமாகத் தோற்பது. போன வருஷம் முதலாவதாக வந்து ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன் அவன். மனம் வருமா? வந்தது, கஷ்டப்பட்டுத்தான் வந்தது.

பின்னேரம் அஸர் பாங்குக்கு முன் டீம் பூட்டிவிடும், பிறகு மாற்ற ஏலாது. சோற்றை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தான். தோற்பது வெல்வதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. பதினொரு பேரையும் காயக்காரராகப் போட்டால் போதாது. அவர்கள் ஆடாவிட்டால் வாங்கில் இருக்கிற மாற்று ஆள் தானாக உள்ளே வந்து புள்ளி எடுத்துத் தந்துவிடுவான். ஆகவே வாங்கிலும் ஆடவே மாட்டாதவர்களைத் தேடி இருத்த வேண்டும். தேடித் தேடிப் போட்டு முடிக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது.

கிழமை முடிய ஹிஷாமுக்கு முட்டை. காக்காவின் ஆட்களில் ஒருவன் எப்படியோ எழும்பி ஓடியதில் அவருக்குச் சொற்பப் புள்ளி. ஹிஷாமுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தோத்துப்போட்டுச் சிரிக்கிற ஆள இப்பதான் பாக்கிறன்" என்றாள் முஃப்லிஹா.

நல்ல சேதியை நேரில் சொல்லத்தான் காக்கா வீட்டுக்குப் போனான். முற்றம் கூட்டியிருந்தது. பாய் வெயிலில் காய்ந்தது. அடுக்களையில் சம்பா அரிசியும் நெய்ப் போத்தலும் வாங்கி வைத்திருந்தார்.

"காக்கா, இந்த முற நீங்க தப்பிட்டீங்க. சஹன் எங்கட வீட்ட."

காக்கா சிரிக்கவில்லை. அவனுடைய போனை வாங்கி அவன் டீமைப் பார்த்தார். இவனுக்கு முழங்காலில் ஒப்பரேசன், இவனுக்குச் சிவப்பு அட்டைத் தண்டனை, இவனை வேறு கிளப்புக்கு விற்கப் போகிறார்கள் என்று ஒவ்வொருவனாகத் தொட்டுச் சொன்னார். வாங்கில் இருந்தவர்களையும் விடவில்லை.

"வேணுமெண்டுதான் தோத்திருக்காய், என்னடா?"

ஹிஷாம் கேட்டான்: "இவ்வளவும் தெரிஞ்சுமா காக்கா வருஷா வருஷம் காலொடிஞ்சவனப் போடுறீங்க?"

காக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தோத்தாத்தானே வாப்பா, என்ட வாசல்ல உங்கட செருப்புக் கிடக்கும்."