ஞாயிற்றுக்கிழமை தோய்த்த உடுப்புகள்

குற்றவாளி இல்லை என்று தேனுஜா காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகர நீதிமன்றத்தின் உயர்ந்த மேசையில் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் சட்டம் படித்த நீதிபதிகள் மூவர். இரு ஓரங்களிலும் பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்பட்ட இருவர்: வலது பக்கம் ஓய்வுபெற்ற டிராம் சாரதி ஒருவர், இடது பக்கம் தேனுஜா. முப்பத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

ஓர் ஆளைத் தண்டிக்க ஐவரில் நால்வர் ஆம் என்று சொல்ல வேண்டும். இருவர் மறுத்தால் போதும், அந்த ஆள் வீட்டுக்குப் போகலாம்.

நேற்று இடைவேளையில் சாரதி கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொல்லியிருந்தார். "இதை நம்பி நான் ஒரு நாயைக்கூடக் கட்டிப்போட மாட்டேன்."

வழக்கும் அப்படித்தான் இருந்தது.

கொல்லப்பட்டவர் அருட்பிரகாசம். தனியாக வாழ்ந்தவர். செவ்வாய்க்கிழமை காலை கட்டடப் பராமரிப்பாளர் கதவைத் திறந்தபோதுதான் அவர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடப்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஞாயிறு பின்னேரமே உயிர் போய்விட்டது என்றார் வைத்தியர்.

குற்றம் சாட்டப்பட்டவர் சிவகுருநாதன். அருட்பிரகாசத்தின் தெருவில் உள்ள உணவகத்தில் சமையல்காரர். ஊரில் கிடக்கும் ஒரு காணியின் வேலிக்காக இருவரும் பத்து வருடமாக முகம் பார்ப்பதில்லை.

கண்ட சாட்சி இல்லை. அடித்த பொருள் இல்லை. அவருடைய கைத்தொலைபேசி அந்தத் தெருவில் இருந்ததாம். வேலை செய்யும் தெருவில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

மிஞ்சியது ஒன்றுதான். ஞாயிறு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்த கையோடு அவர் உடுப்பு முழுவதையும் தோய்த்திருக்கிறார். சத்தம் போடக் கூடாத ஞாயிற்றில் சலவை இயந்திரம் ஓடுவதைக் கேட்ட மேல்வீட்டு அம்மா, முறைப்பாடு கொடுப்பதற்காக நேரத்தைக் கூடக் குறித்து வைத்திருந்தார்.

இரத்தத்தைக் கழுவினார் என்றார் அரச சட்டத்தரணி.

"இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பது பெரிய குற்றம்தான். ஆனால் கொலை இல்லை," என்றார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. நீதிபதிகளே சிரித்துவிட்டார்கள்.

நாள் முழுவதும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவர் வந்ததும் குளித்து உடுப்பைத் தோய்க்கத்தான் செய்வார். தேனுஜாவின் அப்பாவும் இருபது வருடம் சமையலறையிலிருந்து அப்படித்தான் வந்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இன்று கடைசிச் சாட்சி. சிவகுருநாதனின் மனைவி குமுதினி.

மனைவி சாட்சி சொல்லத் தேவையில்லை என்று தலைமை நீதிபதி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லியே தீருவேன் என்றாள் குமுதினி.

அவள் தலைமை நீதிபதியைப் பார்த்துப் பேசவில்லை. தேனுஜாவைப் பார்த்துப் பேசினாள். அந்த மேசையில் இருந்த ஒரே தமிழ் முகம் அது.

"கதவடியிலயே நிண்டவர். 'பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிட்ட வராத, துவாயை மட்டும் அங்கால வைச்சிட்டுப் போ' எண்டவர். ஒண்டிலயும் கை படாமல் நேரா குளியலறைக்குப் போய்த் தலையில வார்த்துத் தோய்ஞ்சவர். போட்டிருந்த ஜக்கெற்றையும் விடேல்லை, எல்லாத்தையும் தோய்க்கப் போட்டவர். அதுக்குப் பிறகுதான் ஒரு மிடறு தண்ணி குடிச்சவர். அப்பிடித் துப்புரவான மனுசன். அவர் போய் இன்னொருத்தரில கை வைப்பாரோ?"

மொழிபெயர்ப்பாளர் ஒன்றும் விடாமல் ஜெர்மனில் சொன்னார். தலைமை நீதிபதி குறித்துக்கொண்டார். சாரதி, தான் சொன்னது சரிதானே என்பதுபோல மேசையின் மறு ஓரத்திலிருந்து தேனுஜாவைப் பார்த்தார்.

தேனுஜாவின் பேனா நின்றிருந்தது.

எண்ணெய் மணத்துக்காக அப்பா ஒருநாளும் கதவடியில் நின்றதில்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் குளிக்கப் போவார். கதவடியில் நின்றது வேறு நாட்களில். அந்த நாட்களில் அம்மா பிள்ளைகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்.

செத்தவரைக் காண்பது வேறு, கொல்வது வேறு. அதுவும் அவளுக்குத் தெரியும்.

பேசாமல் இருந்தால் இந்த மண்டபத்தில் யாருக்கும் எதுவும் விளங்கப் போவதில்லை. நாளைக்கு இரண்டு வாக்குகள். சிவகுருநாதன் பிள்ளையிடம் போய்விடுவார்.

ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று தலைமை நீதிபதி வழக்கம்போல இரு ஓரங்களையும் பார்த்தார். எட்டு நாட்களாக இருவரும் இல்லை என்று தலையசைத்து வந்தவர்கள். சாரதி இன்றும் தலையசைத்தார்.

தேனுஜா ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் யாருடைய செத்தவீட்டுக்குப் போய் வந்தார் என்று ஜெர்மனில் கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்பே சிவகுருநாதன் நிமிர்ந்தார். எட்டு நாட்களில் முதல் தடவையாகத் தேனுஜாவை நேரே பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார்.

குமுதினி அதைக் காணவில்லை. எங்கள் பிள்ளை ஒரு கேள்வி கேட்டுவிட்டாள் என்ற சந்தோசத்தில் அவள் முகம் மலர்ந்திருந்தது.

"செத்தவீடோ? இல்லைத் தங்கச்சி, அண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லையே."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் பொறுத்துத்தான் அதை ஜெர்மனில் சொன்னார். 'தங்கச்சி' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்.