தெரு இல்லாத அட்ரஸ்

விஜயகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெருப் பெயரே இல்லாமல் ஒரு கோரிக்கை உள்ளே நுழைந்து, அம்புலன்ஸும் போய்த் திரும்பியிருந்தது.

கேகாலையிலிருந்து மாகாணம் முழுவதற்கும் அவள் வேலை செய்யும் கம்பெனி நடத்தும் அம்புலன்ஸ் சர்வீஸ் அது. எந்த ஆப்பிலிருந்து கூப்பிட்டாலும், தகவல் அவள் எழுதிய புரோகிராம் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வரவேண்டும். வீட்டு இலக்கம், தெரு, ஊர். ஒன்று குறைந்தாலும் வாசல் திறக்காது.

கூட வேலை செய்யும் றிஸ்மி அப்போதே முரண்டு பிடித்தான். 'இடம்' என்று ஒரே கட்டம் போதும், எப்படியும் எழுதட்டும் என்றான். கோயிலுக்குப் பக்கத்தில் என்று எழுதினால் டிரைவர் எந்தக் கோயிலைத் தேடுவான் என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள்.

இப்போது அவளுக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறான். நேராக அவன் மேசைக்குப் போனாள்.

"யாரைக் கேட்டுத் திறந்து விட்டீங்க?"

"முழுசாத் திறக்கல்ல மிஸ். நீங்க சொன்னதும் சரிதான், எதையும் எழுதலாம்னு விட்டா டிரைவர் அலைஞ்சி போவார். தெரு இருந்தா பழையபடி கேக்கும். இல்லாட்டி தோட்டம், டிவிஷன், லய நம்பர் கேக்கும். அவ்வளவுதான்."

நியாயம் போலத்தான் பட்டது. ஆனாலும் கோபம் தணியவில்லை. மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னாள். யாருக்காக இத்தனை அவசரம் என்றும் கேட்டாள்.

றிஸ்மி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். நேற்று கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. பக்கத்து வீட்டு அம்மா ஆப்பில் கூப்பிட்டிருக்கிறார். அது தெருவைக் கேட்டுத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடைசியில் ஆபீசுக்கே போன் எடுத்திருக்கிறார். இவன் இருந்த இடத்திலேயே வாசலை மாற்றி வண்டியை அனுப்பினானாம். தாயும் பிள்ளையும் சுகம்.

"யாரு அந்த அம்மா?"

"வெள்ளையம்மா. உங்க உம்மா, மிஸ்."

அந்த ஆப்பை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்ததே விஜயகலாதான்.

"அவங்க ஒண்ணு கெஞ்சிக் கேட்டாங்க. அதாலதான் ஒருத்தருக்கும் சொல்லாம செஞ்சேன்."

"என்ன கேட்டாங்க?"

"'எங்க மக அங்க ஆபீஸ்ல, சொந்த ஊரு டவுன்னு சொல்லி வச்சிருக்கு. நான் லயத்துல இருந்து பேசினேன்னு யாருக்கும் சொல்லிறாதீங்க தம்பி'ன்னு."