கையில் கட்டிய தூரம்

காணும் பொங்கலன்று மெரினாவில் காவலர் ஜெபராணிக்குக் கைப்பட்டை கட்டும் வேலை. பிள்ளைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று பிள்ளையின் பட்டை காட்டும். பிள்ளை எவ்வளவு தூரம் என்று தாயின் பட்டை காட்டும். ஒரு வருஷம் ஓடும். கூட்டத்தில் இப்போதெல்லாம் எந்தக் குழந்தையும் தொலைவதில்லை.

புனிதா பழைய பட்டையோடு வரிசையில் வந்து நின்றாள். போன வருஷம் இதே நாளில் அவளுடைய ஆறு வயது லயாவை அலை இழுத்துக்கொண்டு போனது. "அம்மா, நாப்பது அடி!" என்று பட்டையைப் பார்த்துக் கத்தியதுதான் கடைசி. உடல் கிடைக்கவில்லை. பட்டை மட்டும் கடலுக்குள்ளிருந்து தூரம் சொல்லிக்கொண்டே இருந்தது. எண் ஏறிய நாளில் புனிதா சோறு தொடமாட்டாள். இறங்கிய நாளில் லயாவுக்கும் சேர்த்து உலை வைப்பாள்.

"இன்னிக்குக் கிட்ட வந்துட்டா மேடம். மூணு கிலோமீட்டர்தான்."

ஜெபராணி அவள் கையைத் திருப்பிப் பட்டையிலிருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். "இன்னிக்குச் சாயந்திரம் ஆறு மணியோட இது நின்னுடும்க்கா. கழட்டிக் குடுத்துடு."

"புதுசா ஒண்ணு கட்டி வுடுங்க."

"புதுசு அந்தப் பழசோட சேராதுக்கா."

புனிதா கடலைப் பார்த்தாள். "அவ கைல இருக்கறதும் ஆறு மணிக்கு நின்னுடுமா?"

ஜெபராணி மெல்லத் தலையாட்டினாள்.

"அப்போ நான் எங்க இருக்கேன்னு அவளுக்கு எப்படி மேடம் தெரியும்?"