கிரிம்வால் சாப்பிடுகிறான்

“ஏன்னா, புதுசா இன்னொரு சாப்பாட்டு சீன் எழுதியிருக்கேளாமே?”

அம்புஜம் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். சுந்தரராஜன் எழுதுவதை நிறுத்தவில்லை.

“கதைக்குத் தேவைப்படறது.”

“எந்தக் கதைக்கு? பனி அரக்கனைக் கொல்லப் போறவன் வழியெல்லாம் தின்னுண்டே போவானா?”

“அவன் மாவீரன் கிரிம்வால். அப்படித்தான் போவான்.”

அம்புஜத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாண்ட்ரியல் தமிழர்கள் பொங்கல் விழாவுக்கு எப்போதும் புராண நாடகம்தான் போடுவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிப்போகும். இந்த எழுபத்து நாலாம் வருஷப் பொங்கலுக்காவது அதுகள் விழித்திருக்கட்டும் என்று சுந்தரராஜன் ஒரு பனிநாட்டுக் கதை எழுதினார். கொம்பு வைத்த தொப்பி, அட்டைக் கோடரி, வாய்ச்சவடாலும் பெருந்தீனியுமாக ஒரு வீரன். அதுவரை அம்புஜத்துக்கும் சம்மதம்தான்.

ஆத்திரமெல்லாம் வீரன் வேஷம் கட்டியவன்மேல். மணிவாசகம் என்று பெயர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் சுந்தரராஜன் பேராசிரியராக இருக்கும் விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அவர் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு வருவான்.

மேடையில் காலித் தட்டை வைத்துக்கொண்டு வாயை அசைத்தால் போதாதா? போதாதாம்.

“ஒத்திகையிலயே நிஜமாச் சாப்பிட்டாத்தான் மேடையில நடிப்பு வரும்” என்று சுந்தரராஜன் சட்டம் போட்டுவிட்டார். சமைப்பது அவரா என்ன?

நியூயார்க்கிலிருந்து யாராவது வந்தால்தான் உளுந்து கிடைக்கும். அரைத்த மாவு இந்தக் குளிரில் லேசில் பொங்காது. கம்பளியைச் சுற்றி, ஹீட்டர் பக்கத்தில் வைத்து, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். அப்படி வார்த்த இட்லியைத்தான், “ஏழு பனி அரக்கர்களை ஒரே மூச்சில் வீழ்த்தியவன் நான். எட்டாமவன் என் பெயரைக் கேட்டே செத்தான்” என்று முழங்கிக்கொண்டே அந்தப் பிள்ளை உள்ளே தள்ளுவான். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி. நாடகம் முடிந்தால் கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்க மாட்டான்.

முதலில் ஒரே ஒரு விருந்துக் காட்சிதான் இருந்தது. பிறகு சண்டைக்கு முன் சாப்பாடு வந்தது. சண்டைக்குப் பின்னும் வந்தது. இப்போது உறைந்த கடலில் படகு மாட்டிக்கொள்கிறது, அங்கேயும் சாப்பாடு.

பனிநாட்டு ராணியாக நடிக்கும் ரமாவும் பொருமினாள்.

“என் வசனத்தையெல்லாம் வெட்டிட்டார், மாமி. நான் பரிமாறிண்டே நிக்கணுமாம். இது நாடகமா, ஹோட்டலா?”

“இரு, ஒரு முடிவு கட்டறேன்” என்றாள் அம்புஜம்.

அடுத்த ஞாயிறு வசதியாக அமைந்தது. விழாவுக்கு ஹால் பேச ஊருக்குள் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் போன சுந்தரராஜன் பனியில் மாட்டிக்கொண்டார். ஒத்திகையை நீங்களே ஆரம்பியுங்கள் என்று போன் வந்தது.

அம்புஜம் காலித் தட்டுகளை வரிசையாக வைத்தாள்.

“இன்னிக்கு மாவு பொங்கலை. சும்மா சாப்பிடற மாதிரி பண்ணு, போதும். நடிக்கத் தெரியுமோன்னோ?”

மணிவாசகம் தட்டைப் பார்த்தான்.

“தெரியும், மாமி.”

நடித்தான். இல்லாத இட்லியைப் பிட்டான், இல்லாத சட்னியில் புரட்டினான், சாம்பாரை வழித்து விரலைச் சூப்பினான். பார்த்துக்கொண்டிருந்த ரமாவுக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

அம்புஜத்துக்கு வயிற்றெரிச்சல் இன்னும் ஏறியது. தட்டில் ஒன்றுமில்லாமலே இத்தனை ஜோராக நடிக்கத் தெரிந்தவன், இத்தனை நாளும் ஏன் தன் உளுந்தைக் காலி பண்ணினான்?

ஒத்திகை முடிந்து ரமா கிளம்பிப் போனாள். மணிவாசகம் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வந்து கோட்டை மாட்டிக்கொண்டிருக்கையில், சுந்தரராஜன் பனியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அம்புஜம் சமர்த்தாக விஷயத்தைச் சொன்னாள்.

“உங்க சட்டமெல்லாம் சும்மா. காலித் தட்டை வச்சுண்டே பிரமாதமாப் பண்ணிட்டான்.”

சுந்தரராஜன் முகம் சுருங்கியது. அவர் பார்வையே சரியில்லை. வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புகிறாள் என்ற பேர் தனக்கு எதற்கு என்று அம்புஜம் திரும்பினாள்.

“ரசம் சாதம் இருக்குப்பா. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போயேன்.”

“வேண்டாம், மாமி. சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். வரேன், சார்.”

கதவு சாத்தியதுதான் தாமதம்.

“கேட்டேளா? வீட்டுல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்துதான் இங்கேயும் வாரம் தவறாம வெட்டியிருக்கான். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமோ? நீங்களும் அவனுக்குன்னே சீன் சீனா எழுதித் தள்ளறேள்.”

சுந்தரராஜன் ஜன்னல் பக்கம் போனார். காலர் தூக்கிய கோட்டு ஒன்று பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“அவன் ஸ்காலர்ஷிப் நின்னு மூணு மாசமாச்சு. மத்தியானம் எல்லாரும் கேன்டீன் போனப்புறம் லேப்ல தனியா தண்ணி குடிச்சிண்டு உக்காந்திருப்பான். நானும் எத்தனையோ தரம் வீட்டுக்கு வாடான்னு கூப்பிட்டுப் பார்த்துட்டேன்.”

அம்புஜத்தின் குரல் இறங்கியது.

“அப்போ இத்தனை சாப்பாட்டு சீனும்?”

“மணிவாசகம் யார் கூப்பிட்டாலும் சாப்பிட்டாச்சுன்னுதான் சொல்லுவான், அம்புஜம். கிரிம்வாலுக்கு அந்த வசனத்தை நான் எழுதலை.”