எந்தக் கை

அரண்மனையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவன் தோளில் ஒரு மரக்கட்டை இருந்தது.

அதிகாரி உட்காருவதற்குக் கொண்டுவருகிறான் போலிருக்கிறது என்று சிற்பியின் மனைவி நினைத்தாள்.

அவன் பட்டறை நடுவில் கிடந்த கல் சில்லுகளைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கட்டையை இறக்கினான். ஆடாமல் நிற்கிறதா என்று இரண்டு முறை அமுக்கிப் பார்த்தான். அதன் மேல்பக்கம் முழுக்க வெட்டுத் தழும்புகள்.

அது உட்காருவதற்கு அல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

எதிர்வீட்டுக் கொல்லர் உலை ஊதுவதை நிறுத்தினார். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. உச்சி வெயில், யாரும் கதவைச் சாத்துகிற வேளையே அல்ல.

சிலையைக் கோயில் வாசலில் நிறுத்திப் பத்து நாள்கூட ஆகவில்லை. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண். அவ்வளவுதான். ஆனால் அதைக் கடந்து போகிறவர்கள் எல்லாம், கூப்பிட்டது யார் என்று தங்களை அறியாமல் பின்னால் பார்த்தார்கள். அரசரும் பார்த்தாராம்.

பக்கத்து நாட்டு ராஜா தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆள் அனுப்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"இதே மாதிரி இன்னொண்ணு எங்கயும் வந்துடக் கூடாதுன்னு உத்தரவு," என்றார் அதிகாரி. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. "தப்பா நினைக்காதீங்க. எந்தக் கை?"

சிற்பி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வலது கைங்க. சாப்பிடறதுக்கு இன்னொண்ணை விட்டுட்டுத்தானே போவீங்க?"



அவர் நீட்டிய கை கிடுகிடுவென்று நடுங்கியது. அதிகாரி சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நேரத்தில் யாருக்குத்தான் நடுங்காது?

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். கட்டையின் தழும்புகள் கண்ணில் பட்டன. வாயை மூடிக்கொண்டாள்.

"நீ உள்ள போ," என்றார் சிற்பி, அவளைப் பார்க்காமலே.

அவள் போனாள். கால்கள் தானாகவே போயின. கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சத்தம்தான். மரத்தில் கோடாலி இறங்குகிற சத்தம். அதற்குப் பிறகு அவர் கத்தியது.

அவர்கள் போனதும் கொல்லர்தான் முதலில் ஓடிவந்தார். தன் வேட்டியைக் கிழித்து இறுகக் கட்டினார். வெட்டுண்ட கையை எடுத்துத் தன் துண்டில் வைத்துக்கொண்டு, பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார். என்ன மாதிரி கை, என்ன மாதிரி கை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியரைக் கூட்டிவர ஓடினார்.

அந்தக் கை உளியைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது.

தெருவில் யாருக்குமே தெரியாது. நடுக்கம் வந்த பிறகு பட்டறைக் கதவு எப்போதும் உள்பக்கம் தாழிட்டே இருந்தது. உளிச் சத்தம் மட்டும் தினமும் வெளியே கேட்டது. சிற்பி ஓரமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். அவள் செதுக்குவாள். திரும்பிப் பார்க்கும் அந்தப் பெண்ணை, நெற்றியிலிருந்து குதிகால் வரை, செதுக்கியது அவள்.

என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் அவளைப் பேசவிடாமல் செய்தது சத்தியம் அல்ல. பயம். அது அவளுக்குத் தெரியும்.

அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணும் சொல்லிடலியே நீ?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுக்குத்தான், தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.