இடைவேளைக்குப் பிறகு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் மேகலா, சென்னைப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை நீட்டினாள். சூப்பர்வைசர் ஞானமுத்து கையெழுத்துப் போடவில்லை.

"டவுன்ல ஓடுற அந்தக் கொலைப் படத்தைப் போய்ப் பாரும்மா. தனியா ஊர் சுத்தறவளுங்களத்தான் தேடித்தேடி வெட்டறான். அடக்கமா வீட்ல இருக்கறவள தொடவே இல்ல. பொம்பளைங்களுக்கு நல்ல மெசேஜ்!"

ஞாயிற்றுக்கிழமை மேகலா படம் பார்த்தாள். திங்களன்று அதே விண்ணப்பத்தை மறுபடி நீட்டினாள்.

"இன்டர்வெல்லோட எழுந்து வந்துட்டீங்களா சார்?"

"ஆமா, ரத்தத்தப் பாத்தா எனக்குத் தலை சுத்தும். இன்னா விஷயம்?"

"கொலைகாரன் யாருன்னு கடைசிலதான் காட்டறாங்க. செத்துப்போன பொண்ணுங்களோட சூப்பர்வைசர்தான், சார். தெனம் அவங்களுக்கு அடக்கத்தப் பத்திப் புத்தி சொன்னவன்."

மெஷின்களை நிறுத்திவிட்டுப் பெண்கள் சிரித்தார்கள். ஞானமுத்து தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.