தூக்கிய ஜீப்

"எப்போ தூக்கினது தம்பி?"

ஜீப்புக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்ததும், பக்கத்தில் நின்ற இளைஞன் சட்டென்று பின்வாங்கினான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தடுமாறினான்.

"பார்த்தாலே தெரியுதே. இந்தத் தொழில்லதானே தலை நரைச்சிருக்கு."

இளைஞனுக்கு மூச்சு திரும்பியது. "நேத்துதாண்ணே தூக்கினேன்."

"எத்தனை இன்ச்?"

அவன் விழித்தான். மெக்கானிக்கே டேப்பை நீட்டி அளந்துகொண்டார். ஐந்து இன்ச். மேடு பள்ளத்தில் அடிவயிறு தட்டாமல் ஓட வேண்டுமென்று, பட்டை ஸ்பிரிங்கை மாற்றிப் பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தார்கள். ஒர்க்‌ஷாப் பாஷையில் அதற்குப் பெயர் தூக்குவது. ஆனால் வேகம் ஐம்பதைத் தாண்டினால் தரையும் சீட்டும் கிடுகிடுவென்று நடுங்குகின்றனவாம். கண்ணாடி ஆடுகிற ஆட்டத்தில், பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லை என்று இளைஞன் அங்கலாய்த்தான்.

"தூக்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா தம்பி? தூக்கினப்புறம் என்ன செய்யணும்னும் தெரியணும்ல."

"அது தெரியாமத்தாண்ணே உங்ககிட்ட வந்திருக்கேன்."

மெக்கானிக்கின் நாக்கு துறுதுறுத்தது. அந்த நடுக்கம் ஏன் வருகிறது என்பது அவ்வளவு அழகான விஷயம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டார். காரணம், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து போனையும் பில்லையும் கவனித்துக்கொள்ளும் அவருடைய மனைவி. போன வாரம் கிளட்ச் கேபிள் மாற்ற வந்த ஒருவரிடம், கிளட்ச் என்றால் என்ன என்று இவர் ஆதியிலிருந்து ஆரம்பிக்க, அவர் பழைய கேபிளோடு தப்பித்தால் போதும் என்று ஓடிவிட்டார். இன்னொரு கஸ்டமர் இப்படி ஓடினால் நீங்கள் பில் எழுத உட்காருங்கள், வாயைத் திறக்காமல் வேலை செய்கிற மெக்கானிக்கை நான் தேடிக்கொள்கிறேன் என்று இன்று காலையில்தான் அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள். ஸ்பேனர் இல்லாத தன் கையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். "ஆப்பு வைக்கணும்."

இளைஞனின் முகம் வெளுத்தது. "யாருக்குண்ணே?"

"ஆக்சிலுக்கு."

அதற்குள் மனைவி போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். போச்சு, ஒரு வார்த்தை கூடிவிட்டது போல என்று மெக்கானிக் நினைத்தார். அவளோ ஒரு ஸ்டூலை இழுத்து இளைஞனுக்குப் போட்டாள்.

"என்னங்க, இப்படி மொட்டையா சொன்னா அவருக்கு என்ன புரியும்? விளக்கமா சொல்லுங்க."

மெக்கானிக் தன் காதையே நம்பவில்லை. அவள் மனம் மாறுவதற்குள், அலமாரியிலிருந்து ஒரு பழைய ஜாயின்ட்டை எடுத்து இளைஞனின் இரண்டு கையிலும் திணித்தார்.

கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு நீளக் குழாய், அதுதான் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் மணிக்கட்டு மாதிரி மடங்குகிற ஜாயின்ட் உண்டு. மடங்கிய நிலையில் ஒரு பக்கத்தைச் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். இரு முனையும் ஒரே அளவு மடங்கியிருந்தால், மேல் முனை செய்கிற குறும்பைக் கீழ் முனை சரிக்கட்டிவிடும். புது ஸ்பிரிங்கில், பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டதால் இரண்டு கோணமும் ஒத்துப்போகவில்லை. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு தகட்டைச் செருகி அதைப் பழையபடி திருப்பிவிட்டால், நடுக்கம் ஓடிவிடும்.

இவ்வளவையும் இளைஞன் கேட்டான். நடுவில் எழுந்து, ஆட்டம் பரவாயில்லை, அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றான். மனைவி விடவில்லை. டீயை நீட்டி உட்கார வைத்தாள். கீழ்க் கோணம் தனக்கே சரியாகப் பிடிபடவில்லை, முதலிலிருந்து ஒரு தடவை சொல்ல முடியுமா என்று கணவரைக் கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்காத கேள்வி. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முதலிலிருந்து சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வாசலையும் பார்த்துக்கொண்டாள். ஆப்பு வைப்பதற்கு முன்னால் கோணத்தை இன்னொரு தரம் அளந்துவிடுங்கள், அவசரம் வேண்டாம் என்றாள்.

அவர் மூன்றாவது தடவை மேல் முனைக்கு வந்துகொண்டிருந்தபோது போலீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி இளைஞனின் தோளில் கை வைத்தார்கள். அவன் முரண்டு பிடிக்கவில்லை. ஜாயின்ட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, ஏறக்குறைய நிம்மதியாகவே வண்டியில் ஏறினான்.

வண்டி கிளம்பிப் போனதும் மெக்கானிக் மனைவியிடம் திரும்பினார்.

"எவ்வளவு பொறுமையா கேட்ட பையன். அவனை எதுக்குப் பிடிச்சுட்டுப் போறாங்க?"

மனைவி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். போலீஸ் வர்ற வரைக்கும் ஒருத்தனை நகர விடாம உட்கார வைக்க உங்களாலதான் முடியும். ஆனா இனிமே வர்றவங்ககிட்ட முதல்ல நான் பேசறேன். ஜீப்பை நேத்துதான் தூக்கினேன்னு ஒரு திருடன் அவன் வாயாலேயே ஒத்துக்கறான், நீங்க எத்தனை இன்ச்னு கேட்கறீங்க."